ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

1/
இன்னைக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் திடீர்னு நீலத் திரை காட்டி விழுந்தா என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு பேசப்போறேன். "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. வேலை இருக்குங்க. கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்பது காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கிற மாதிரி. கொடுக்கலாம், தப்பில்லை. ஆனா ஏன் காய்ச்சல்னு பார்க்காம வாரா வாரம் அதையே கொடுத்துக்கிட்டு இருந்தா அதுக்குப் பேர் வைத்தியம் இல்லை. தடயத்தை எடுத்து வைக்காம ரீஸ்டார்ட் பண்ற பழக்கத்தை நம்ம ஆஸ்பத்திரிகளும் தொழிற்சாலைகளும் கைவிடணும்.

3/
இது ஏன் எங்க ஊருக்கு முக்கியம்?

அஞ்செட்டியைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். காடு, மலைப்பாதை, சாயந்திரம் ஆனா யானை பயம். இங்க ஒரு லேப் மெஷினோட கம்ப்யூட்டர் படுத்துட்டா, அடுத்த வழி தேன்கனிக்கோட்டை, அதையும் விட்டா ஓசூர். கூலிக்குப் போறவருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. கூட வர்ற மகனுக்கு சிப்காட்டுல ஒரு ஷிப்ட் போச்சு. "மெஷின் டவுன்" என்கிற ரெண்டு வார்த்தைக்கு இங்க இதுதான் விலை.

4/
ஆனா அந்த மெஷின் ஏன் விழுந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை மெஷினோட இணைச்ச கம்ப்யூட்டர் வாரத்துல ரெண்டு தடவை நீலத் திரை காட்டும். டெக்னீஷியன் பொத்தானை அமுக்கி எழுப்பி விடுவார். மாசக்கணக்கா இது நடந்தது. ஒரு தடவைகூட யாரும் அந்தத் திரையில என்ன எழுதியிருந்துச்சுன்னு குறிச்சு வைக்கலை.

5/
சரி, நோய்க்கு வருவோம்.

கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு உலகம் இருக்கு. வேர்டு, பிரவுசர், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாம் வெளி நோயாளிப் பிரிவு. அங்க ஒருத்தர் மயங்கி விழுந்தா அவருக்கு மட்டும்தான் பிரச்சினை. உள்ள இருக்கிறது கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உயிர்நாடி. அது ஆபரேஷன் தியேட்டர். அங்க ஒரு தப்பு நடந்தா மொத்த வேலையும் நிக்கும்.

6/
டிவைஸ் டிரைவர்னா யாரு?

எங்க ஓ.பி.க்கு கன்னடம் மட்டும் பேசுற பாட்டி வருவாங்க, தெலுங்கு மட்டும் பேசுற தாத்தா வருவார். நடுவுல நின்னு மொழிபெயர்க்கிற நர்ஸம்மா இல்லைன்னா என் வைத்தியம் ஓடாது. பிரிண்டர், ஸ்கேனர், நெட்வொர்க் கார்டு, லேப் மெஷின் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மொழி. அதை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் புரிய வைக்கிற மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர்.

7/
சிக்கல் என்னன்னா, இந்த மொழிபெயர்ப்பாளர்கள்ல பல பேரு கெர்னலுக்குள்ளயே உட்கார்ந்து வேலை பார்க்கிறாங்க. ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினது ஒரு கம்பெனி, டிரைவரை எழுதினது வேற கம்பெனி. நம்ம தியேட்டருக்குள்ள முழு அதிகாரத்தோட நடமாடுற வெளியாள்.

8/
இது சும்மா சந்தேகம் இல்லை. 2001-ல ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலை அலசினப்போ, சில வகைப் பிழைகள் டிரைவர் பகுதியில மத்த பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகமா இருந்துச்சு. 2003-ல வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதின கட்டுரை, விண்டோஸ் எக்ஸ்பியில அப்போ பதிவான விழுதல்கள்ல 85 சதவீதம் டிரைவர்களாலதான்னு சொன்னது.

9/
இனி "மெமரி கரப்ஷன்". பேரு பெருசு, விஷயம் நம்ம ஊர் நிலத் தகராறுதான்.

மெமரியை ஒரு பெரிய வயல்வெளின்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு துண்டு அளந்து கொடுத்திருக்கு. கணக்கு வச்சிருக்கிறது கெர்னல். அதுதான் வி.ஏ.ஓ.

10/
தகராறு மூணு விதமா வரும்.

முதல் வகை: வரப்பு தாண்டி உழுறது. 20 சென்ட் வாங்கிட்டு 21-வது சென்ட்லயும் ஏர் ஓட்டுறது. பக்கத்து நிலத்துக்காரன் போட்ட கேழ்வரகு நாசம்.

ரெண்டாவது: குத்தகை முடிஞ்சு நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய நினைப்புல போய் விதைக்கிறது. அதுக்குள்ள அது வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு.

மூணாவது: ஒரே நிலத்தை ரெண்டு தடவை திருப்பிக் கொடுக்கிறது. வி.ஏ.ஓ. குழம்பிப் போய் அதை ரெண்டு பேருக்கு எழுதிக் கொடுத்துடுவார்.

11/
இதுல நாலாவதா ஒண்ணும் உண்டு. சில கருவிகள் பிராசஸரைக் கேட்காமலே நேரா மெமரியில எழுதும். வேகத்துக்காகக் கொடுத்த உரிமை அது. டிரைவர் தப்பான முகவரியைக் கொடுத்தா, கருவி அங்க போய்க் கொட்டிட்டு வந்துடும். நிரல்ல எந்த வரியைத் தேடினாலும் எழுதினவன் சிக்க மாட்டான், ஏன்னா எழுதினது நிரலே இல்லை. பெரும்பாலான புது கம்ப்யூட்டர்கள்ல இதைத் தடுக்க ஒரு வாயில் காவலர் வன்பொருள் இருக்கு. சில இடத்துல அது அணைஞ்சே கிடக்கும்.

12/
இதைக் கண்டுபிடிக்கிறது ஏன் கஷ்டம்? டாக்டர் மண்டைக்கு உடனே பிடிபடுற இடம் இதுதான்.

வலிக்கிற இடம் வேற, நோய் இருக்கிற இடம் வேற.

இதயத்துல அடைப்பு, ஆனா தாடை வலிக்கும். பித்தப்பையில கோளாறு, ஆனா வலது தோள்பட்டை வலிக்கும். பல் டாக்டர்கிட்ட போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லித் திரும்பி வந்த நோயாளிகள் உண்டு.

13/
மெமரி கரப்ஷனும் அப்படியே. காலையில பத்து மணிக்குப் பிரிண்டர் டிரைவர் வரப்பு தாண்டிடுச்சு. யாருக்கும் தெரியலை. மதியம் ரெண்டு மணிக்கு நெட்வொர்க் டிரைவர் தன் நிலத்துக்குப் போய்ப் பார்க்குது, பயிர் இல்லை. அங்கேயே விழுது. நீலத் திரையில யார் பேரு வரும்? நெட்வொர்க் டிரைவர் பேரு. செத்தவன் பேரை எழுதி வச்சுட்டு அவன்தான் கொலைகாரன்னு சொல்ற கதை.

14/
அதனாலதான் "திரையில இந்த ஃபைல் பேரு வந்துச்சு, அதைத் தூக்கிட்டு வேற போட்டோம்"னு சொல்றதை நான் முழுசா நம்புறதில்லை. ஒரு தடவை வந்த பேரு சாட்சி. பத்து தடவை விழுந்ததுல பத்து தடவையும் ஒரே பேரு வந்தா கொஞ்சம் கனமான சாட்சி. பத்து தடவையும் பத்து பேரு வந்தா? பழகின கண்ணுக்கு மெமரி மேல சந்தேகம் வரும்.

15/
அந்த இடத்துல ஒரு வேறுபாட்டுக் கணிப்பு தேவை. எல்லாப் பழியையும் டிரைவர் மேல போட முடியாது. ரேம் குச்சியே பழுதா இருக்கலாம். வெப்பம், தூசி, மின்னழுத்தம் ஏறி இறங்குறது இதெல்லாம் எங்க பக்கம் சகஜம்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் கண்டபடி விழுதா? முதல்ல ரேமைச் சோதிங்க, ராத்திரி முழுக்க ஓடவிட்டு. ஒரே டிரைவர் பதிப்பு போட்ட அஞ்சு கம்ப்யூட்டரும் விழுதா? அஞ்சு ரேமும் ஒரே வாரத்துல கெடாது. மென்பொருளைப் பிடிங்க.

16/
இப்போ உலகமே பார்த்த ஒரு கேஸ்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தோட ஃபால்கன் என்கிற பாதுகாப்பு மென்பொருள். அதுவும் ஒரு டிரைவராத்தான் விண்டோஸ் கெர்னலுக்குள்ள உட்கார்ந்திருக்கும். நம்ம நேரம் காலை 9.39-க்கு ஒரு சின்ன அப்டேட் ஃபைல் போச்சு. 10.57-க்குத் திரும்ப வாங்கிட்டாங்க. 78 நிமிஷம். அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர் விழுந்துடுச்சு.

17/
சென்னை, பெங்களூரு உட்பட நம்ம விமான நிலையங்கள்ல வரிசை நீண்டுச்சு. இண்டிகோ கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்துச்சு, படம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரிசர்வ் வங்கி, 10 வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சின்னச் சின்னத் தடங்கல்தான்னு அறிவிச்சது.

வெளிநாட்டுல ஆஸ்பத்திரிகளும் தப்பலை. இங்கிலாந்துல குடும்ப டாக்டர்களோட நோயாளிப் பதிவு மென்பொருள் நின்னுச்சு. அமெரிக்காவில மாஸ் ஜெனரல் பிரிகாம் மருத்துவமனைக் குழுமம் அன்னைக்கு அவசரமில்லாத சிகிச்சைகளை ரத்து பண்ணுச்சு.

18/
காரணம் என்ன? நிறுவனமே வெளியிட்ட ஆய்வறிக்கையில இருக்கு. புது ஃபைல் 21 தகவலை எதிர்பார்த்துச்சு. டிரைவர் கையில இருந்தது 20. 21-வதைத் தேடி எல்லை தாண்டிப் படிக்கப் போச்சு. போன இடத்துல நிலமே இல்லை. விழுந்துச்சு.

20-க்கும் 21-க்கும் உள்ள ஒரு வித்தியாசம். அவ்வளவுதான்.

19/
கவனிங்க, அந்தக் கோளாறு ஜூலையில பிறக்கலை. பிப்ரவரியில வந்த பதிப்புலயே இருந்துச்சு. அதுவரைக்கும் வந்த ஃபைல்கள் 21-வது கட்டத்தை "எதுவா இருந்தாலும் சரி"ன்னு விட்டிருந்ததால அதைப் படிக்க வேண்டிய அவசியமே வரலை. காசநோய்க் கிருமி மாதிரி மாசக்கணக்கா உள்ளயே தூங்கிட்டு, சமயம் வந்தப்போ எழுந்துச்சு. "இத்தனை மாசம் நல்லாத்தானே ஓடுச்சு" என்பது ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி இல்லைங்க.

20/
நேர்மையா ஒண்ணு சொல்லணும். இது எல்லை தாண்டிப் படிச்ச கேஸ். எழுதின கேஸ் இல்லை. படிக்கப் போனதும் விழுந்துச்சு, விழுந்த இடத்துலயே காரணமும் இருந்துச்சு. அதனால கண்டுபிடிக்கிறது சீக்கிரம் முடிஞ்சது. இதுவே எல்லை தாண்டி எழுதியிருந்தா? சத்தமில்லாம பக்கத்து நிலத்தைக் கெடுத்துட்டு, வேற வேற ஊர்ல வேற வேற மாதிரி விழுந்திருக்கும். 78 நிமிஷத்துல எதைத் திரும்ப வாங்கணும்னே தெரிஞ்சிருக்காது.

21/
அதனால நான் ஒரு விசித்திரமான விஷயம் சொல்றேன். நீலத் திரையைத் திட்டாதீங்க.

உள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சதும், இதுக்கு மேல ஓடினா உங்க தகவலும் கெடும்னு விண்டோஸ் தானே முடிவெடுத்து நிறுத்துறதுதான் அது. வலி மாதிரி. சர்க்கரை நோயாளிக்கு கால்ல உணர்ச்சி போயிட்டா முள் குத்துறது தெரியாது. புண் எலும்பு வரைக்கும் போன பிறகுதான் வருவாங்க. வலிக்கிற கால் பிழைக்கும். வலிக்காத காலைத்தான் எடுக்க வேண்டி வருது.

22/
விழுற கம்ப்யூட்டரைவிட, விழாம தப்பு நம்பர் காட்டக்கூடிய கம்ப்யூட்டர்தான் டாக்டருக்கு ஆபத்து. பொட்டாசியம் எண்ணுல ஒரு இலக்கம் மாறினா அது உயிர் விஷயம். அப்படி நடக்கிறது அபூர்வம், தடுப்புகளும் உண்டு. ஆனாலும் படுக்கையில இருக்கிற ஆளுக்கும் பேப்பர்ல இருக்கிற நம்பருக்கும் ஒத்துப்போகலைன்னா ஆளை நம்பு, டெஸ்ட்டைத் திரும்ப எடுன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது சும்மா இல்லை.

23/
இந்த இடத்துல மருத்துவத் துறையோட சொந்தக் கறுப்பு அத்தியாயம் ஒண்ணு சொல்லியாகணும். தெராக்-25. கனடாவோட அரசு நிறுவனம் தயாரிச்ச கதிர்வீச்சு சிகிச்சை மெஷின். 1985-க்கும் 1987-க்கும் நடுவுல அமெரிக்காவிலயும் கனடாவிலயும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறின கதிர்வீச்சு பாய்ஞ்சது. உயிர்களும் போச்சு.

24/
அது டிரைவர் கேஸ் இல்லை, பக்கத்து வீட்டுச் சொந்தம். ஒரே மெமரியை ரெண்டு வேலைகள் ஒரே நேரத்துல தொட்டதால வந்த வினை. ஆபரேட்டர் வேகமா திருத்தி டைப் பண்ணினா, திரை ஒண்ணு காட்டும், மெஷின் இன்னொண்ணு செய்யும். வேறொரு இடத்துல, ஒரு பைட் எண்ணி 256-ஐத் தொடும்போதெல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பி, பாதுகாப்புச் சோதனையையே தாண்டிப் போச்சு.

25/
என்னை உறுத்துறது நிரல்ல இருந்த பிழை மட்டும் இல்லை. மெஷின் "மால்ஃபங்ஷன் 54"னு காட்டுச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு ஆபரேட்டருக்கு யாரும் சரியா சொல்லலை. ஒரு பொத்தானை அமுக்கினா சிகிச்சை தொடரும். அந்த மாதிரி பிழைச் செய்திகள் தினமும் வந்ததால, அமுக்கித் தொடர்றது பழக்கமாயிடுச்சு.

நம்ம ரீஸ்டார்ட் பொத்தான் நினைவுக்கு வருதா?

26/
அதைக் கண்டுபிடிச்ச விதம் பாருங்க. டெக்சாஸ் மாநிலம் டைலர் நகர ஆஸ்பத்திரியோட இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், 1986-ல ஆபரேட்டரைப் பக்கத்துல உட்கார வச்சு, அன்னைக்கு என்ன டைப் பண்ணினாங்க, எந்த வேகத்துல பண்ணினாங்கன்னு திரும்பத் திரும்பச் செய்ய வச்சார். கடைசியில அந்தப் பிழையை அவங்களாலயே வரவழைக்க முடிஞ்சது. தயாரிச்சவங்களால முடியாததை, நோயாளி பக்கத்துல நின்னவங்க சொன்ன வரலாறு முடிச்சுக் கொடுத்துச்சு. ஹிஸ்டரி எடுக்கிறதுன்னா இதுதான்.

27/
சரி, நிபுணர்கள் எப்படிப் பிடிக்கிறாங்க? எங்க ஊர் உதாரணத்துலயே சொல்றேன்.

யானை ராத்திரி வயல்ல இறங்கிட்டுப் போயிடும். விடிஞ்சு பார்த்தா பயிர் இல்லை. எந்தப் பக்கம் வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு, ஒண்ணும் தெரியாது. என்ன செய்றோம்? வயல் ஓரத்துல சூரிய மின்வேலி, அகழி. யானை காலை வைக்கும்போதே தெரியணும்.

28/
விண்டோஸ்ல "டிரைவர் வெரிஃபையர்"னு ஒரு கருவி விண்டோஸ் 2000 காலத்துலருந்தே கூடவே வருது. சந்தேகப்படுற டிரைவருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு மெமரித் துண்டுக்கும் அடுத்தாப்ல, யாரும் தொடக்கூடாத ஒரு பக்கத்தை வைக்கும். வரப்பு தாண்டின அந்த நொடியே விழும். மதியம் ரெண்டு மணிக்கு அப்பாவி விழுறதுக்குப் பதிலா, காலையில பத்து மணிக்குக் குற்றவாளியே கையும் களவுமா மாட்டும்.

ஆனா இதை நோயாளி பார்க்கிற கம்ப்யூட்டர்ல நீங்களா போட்டுப் பார்க்காதீங்க. வேணும்னே விழ வைக்கிற கருவி அது. சோதனைக்கு வச்ச கம்ப்யூட்டர்ல, தெரிஞ்சவங்க செய்யணும்.

29/
லினக்ஸ்ல 2015-லருந்து கேசான்னு ஒரு கருவி இருக்கு. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் கணக்கு வச்சு, தொடலாமா கூடாதான்னு ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கும். நல்லா பிடிக்கும், ஆனா கம்ப்யூட்டர் வேகம் குறையும், மெமரியும் அதிகம் பிடிக்கும். எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கிற கதை.

2021-ல கேஃபென்ஸ் வந்துச்சு. பேர்லயே வேலி இருக்கு. எல்லா வயலுக்கும் வேலி போடாம, மாத்தி மாத்திச் சில வயலுக்கு மட்டும் போடும். செலவு ரொம்பக் குறைவு. அதனால நிஜ வேலை நடக்கிற இடத்துலயே வச்சிருக்கலாம். ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு நாள்ல சிக்காதது, ஆயிரம் கம்ப்யூட்டர்ல ஒரு மாசத்துல சிக்கும். ஊருக்கு ஊர் சாம்பிள் எடுக்கிற பொது சுகாதார முறைதான்.

30/
குத்தகை முடிஞ்ச நிலத்துக்கு இன்னொரு தந்திரம். திரும்பி வந்த மெமரி முழுக்க ஒரே அடையாள எண்ணைப் பூசி வைப்பாங்க. அடுத்து கொடுக்கும்போது பூச்சு கலைஞ்சிருந்தா, நடுவுல யாரோ வந்துட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். நாங்க சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் கசிவைப் பார்க்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

31/
இதெல்லாம் நோய் வந்த பிறகு. வர்றதுக்கு முன்னாடி? அங்க நம்ம கிண்டிக்கு ஒரு பங்கு இருக்கு.

ஸ்ரீராம் ராஜமணி. கிண்டி பொறியியல் கல்லூரியில படிச்சவர். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல தாமஸ் பாலோட சேர்ந்து 2000 வாக்குல ஸ்லாம்னு ஒரு ஆய்வைத் தொடங்கினார். டிரைவரை ஓட்டிப் பார்க்காமலே, அதோட நிரலைக் கணித முறையில அலசி, கெர்னலோட விதியை மீறக்கூடிய வழி எங்கயாவது இருக்கான்னு கண்டுபிடிக்கிறது. பூட்டின பூட்டை மறுபடி பூட்டுறானா, திறக்காமலே போறானா என்கிற மாதிரி விதிகள்.

32/
அந்த ஆய்வுதான் "ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர்" என்கிற பேர்ல டிரைவர் எழுதுறவங்க கைக்குப் போச்சு. 2011-ல ரெண்டு பேருக்கும் அந்தத் துறையோட கேவ் விருது கிடைச்சது. ராஜமணி பிறகு எங்க பக்கத்து ஊரான பெங்களூருல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆய்வகத்துக்குத் தலைமை ஏத்தார்.

இது எல்லா மெமரி கரப்ஷனையும் பிடிக்கிற மந்திரம் இல்லை. விதி மீறலைப் பிடிக்கும். ஆனா "ஓட்டிப் பார்த்து விழுந்தா பார்த்துக்கலாம்" என்கிற மனநிலையை உடைச்ச வேலை அது.

33/
தடுப்பூசி மாதிரி ஒண்ணும் வந்திருக்கு. ரஸ்ட் என்கிற மொழி. வரப்பு தாண்டுறது, குத்தகை முடிஞ்சு விதைக்கிறது போன்ற தப்புகள்ல பெரும்பாலானதை நிரலை எழுதும்போதே பிடிச்சுத் திருப்பி அனுப்பிடும். 2022 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 6.1 பதிப்புலருந்து கெர்னலுக்குள்ள அதுக்கு இடம் கொடுத்திருக்காங்க. 2019-ல மைக்ரோசாஃப்டே சொன்ன கணக்கு: வருஷா வருஷம் அவங்க சரிபண்ற பாதுகாப்புக் குறைகள்ல சுமார் 70 சதவீதம் மெமரி சம்பந்தப்பட்டது. தடுப்பூசியோட தேவை அதுலயே தெரியும்.

34/
"டாக்டர், இதெல்லாம் சரி. கேஷுவால்டியில ஆள் மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கும்போது கம்ப்யூட்டர் விழுந்தா, உங்க தடயத்தைத் தேடிக்கிட்டு இருக்கவா?"

நியாயமான கேள்வி. பதிலும் நேரடியானது. ரீஸ்டார்ட் பண்ணுங்க, உடனே. நோயாளிதான் முதல்ல.

35/
ஆனா செப்சிஸ் வந்த நோயாளிக்கு நாங்க என்ன செய்றோம்? ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. ஆனா முதல் டோஸ் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில்ல ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்புறோம். ஒரு நிமிஷ வேலை. அதை விட்டுட்டா, மருந்து உள்ள போன பிறகு கிருமி பேரே தெரியாம போயிடும்.

ரீஸ்டார்ட் ஆன்டிபயாடிக். நீலத் திரையோட ஃபோட்டோ கல்ச்சர். அவ்வளவுதான் நான் கேட்கிறது.

36/
இனி செய்ய வேண்டியது. சேமிச்சு வச்சுக்குங்க.

ஒண்ணு: நீலத் திரையை செல்போன்ல படம் எடுங்க. ஓரத்துல நோயாளி பேரு எதுவும் விழாம பார்த்துக்குங்க.

ரெண்டு: விழும்போது விண்டோஸ் வழக்கமா ஒரு டம்ப் ஃபைல் எழுதி வைக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு இருக்கும். அதுதான் பிரேதப் பரிசோதனை அறிக்கை. "இடத்தைக் காலி பண்றோம்"னு சொல்லி அழிக்க விடாதீங்க.

37/
மூணு: மெஷின் பக்கத்துல ஒரு நோட்டு. தேதி, நேரம், அப்போ என்ன வேலை ஓடுச்சு, எந்த கேபிள் மாத்தினாங்க, முந்தின நாள் என்ன அப்டேட் வந்துச்சு, கரண்ட் போயிட்டு வந்துச்சா. நாலு வரி போதும். ஹேகரோட ஆபரேட்டர் சொன்ன மாதிரி நம்ம ஊர் லேப் தங்கச்சி எழுதுற நாலு வரிதான் பிழையைப் பிடிச்சுக் கொடுக்கும்.

38/
நாலு: டம்ப் ஃபைலுக்குள்ள அந்த நேரத்து மெமரி இருக்கும். முழு டம்ப்னா நோயாளியோட பேரு, ரிசல்ட் எல்லாம்கூட இருக்கலாம். அதனால வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. அதுவும் நோயாளியோட கோப்புதான். யாருக்கு, எதுக்குக் கொடுக்கிறோம்னு எழுதி வச்சுக் கொடுங்க.

அஞ்சு: லேப் மெஷின் கம்ப்யூட்டர்ல கண்ட யூ.எஸ்.பி. கருவியைச் செருகி, கண்ட டிரைவரை ஏத்தாதீங்க. தியேட்டருக்குள்ள செருப்போட யாரை விடுவோம்?

39/
ஆறு, இது நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கு. வாங்கும்போது விலையும் வாரண்டியும் மட்டும் பேசாதீங்க. "உங்க டிரைவர் கெர்னலுக்குள்ள உட்காருதா? விழுந்தா டம்ப் ஃபைலை அலசி எழுத்துல காரணம் சொல்வீங்களா? அப்டேட்டை எல்லா மெஷினுக்கும் ஒரே நாள்ல அனுப்புவீங்களா, ஒண்ணுல பார்த்துட்டு மத்ததுக்கா? பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கா?" இந்த நாலு கேள்வியை ஒப்பந்தத்துல ஏத்துங்க.

2024 ஜூலையில பல இடத்துல ஒவ்வொரு கம்ப்யூட்டரா கையால திறந்து அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்துச்சு. டிஸ்க் பூட்டோட மீட்புச் சாவி எங்க இருக்குன்னு தெரியாம தவிச்சவங்களும் உண்டு. உங்க சாவி எங்க இருக்கு? இன்னைக்கே பாருங்க.

40/
ஏழு: பேப்பர் ரெஜிஸ்டர். மாசத்துக்கு ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டு ஓ.பி.யையும் லேப்பையும் நடத்திப் பாருங்க. இண்டிகோ ஆட்கள் பேனா எடுத்து போர்டிங் பாஸ் எழுதினதைப் பார்த்து நாம சிரிச்சோம். எழுதத் தெரிஞ்சதாலதான் அன்னைக்கு அவ்வளவு பேராவது ஏறிப் போனாங்க.

41/
கடைசியா, ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பிள்ளைங்களுக்கு.

விடியக்காலையில கம்பெனி பஸ் ஏறிப் போறீங்க. நம்மைச் சுத்தி செல்போன் உதிரி பாகமும் மின்சார ஸ்கூட்டரும் தயாராகுது. அந்த லைன்ல ஓடுற ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் டிரைவர் இருக்கு. விழும். விழும்போது எழுப்பி விட ஆயிரம் பேர் இருப்பாங்க. ஏன் விழுந்துச்சுன்னு சொல்ல ஆள் குறைவு.

42/
சி மொழியை ஒழுங்கா படிங்க. லினக்ஸ் கெர்னல் நிரல் முழுக்க இலவசமாவே கிடைக்குது. ஒரு பழைய கம்ப்யூட்டர்ல நீங்களே ஒரு சின்ன டிரைவர் எழுதுங்க, வேணும்னே வரப்பு தாண்டுங்க, கேசான் என்ன சொல்லுதுன்னு படிங்க. நாங்க அனாட்டமி ஹால்ல கத்துக்கிட்ட மாதிரி, செத்த கம்ப்யூட்டரைப் பிரிச்சுத்தான் இதைக் கத்துக்க முடியும். பெங்களூருக்கும் நமக்கும் நடுவுல இருக்கிறது ஒரு செக்போஸ்ட் மட்டும்தான்.

43/
எதிர்க் கருத்து இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. கெர்னல் வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் நான் விட்ட இடத்தை நிரப்புங்க. உங்க ஆஸ்பத்திரியில, கம்பெனியில இந்த நோட்டுப் பழக்கம் ஏற்கனவே இருந்தா அதையும் எழுதுங்க, மத்தவங்க பார்த்துக் கத்துக்கட்டும். லேப்ல வேலை பார்க்கிற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு 36-லருந்து 40 வரைக்கும் அனுப்பி வைங்க.

நாளைக்கு வழக்கம்போல சுகர், பிரஷர்.